புத்தகத்தை மூடியதும் சொல்ல வேண்டிய பெயர்

புதுச்சேரி,
16 மார்ச் 2007, வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் ஆலேனுக்கு,

கடிதத்தின் முதல் வரியில் நலம் சொல்லி நலம் கேட்க வேண்டும் என்று மடத்துப் பள்ளியில் எங்களைப் பழக்கினார்கள், அதை மீற எனக்கு மனம் வராது, ஆகையால் மாதா புண்ணியத்தில் உடம்பளவில் நலமாக இருக்கிறேன் என்று எழுதுகிறேன், நீயும் ஃபானியும் ரொமேனும் அங்கே நலமா என்று கேட்கிறேன். ரொமேனின் பல்லுக்குக் கம்பி போட்டார்களே, வலி குறைந்ததா, இரவில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் வாய் கொப்பளிக்கச் சொல். மரியாதை முடிந்தது. இனி நலமில்லாததை எழுதப் போகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ வுய் மமான், வுய் மமான் என்று ஆமாம் போட்டுக்கொண்டே வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பது இங்கே எனக்குத் தெரிகிறது. அதுவுமில்லாமல் போனில் நான் அழுதுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, பேனாவைப் பிடித்துக்கொண்டு நான் ஒருநாளும் அழுதது கிடையாது. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் படி.

சூசானை அவள் மகன் ஃப்ரெடெரிக் துலூஸுக்குக் கூட்டிக்கொண்டு போகிறான். ஈஸ்டர் பாஸ்காவுக்கு மறுநாள் விமானம். அங்கே தன் வீட்டில் வைத்துக்கொள்ளப் போவதில்லை, முதியோர் இல்லம் ஒன்றில் இடம் எழுதி வைத்துவிட்டானாம், தோட்டம் இருக்கிறதாம், இரவு பகலாக நர்ஸ் இருக்கிறாளாம். போன ஞாயிற்றுக்கிழமை இதை உன்னிடம் சொன்னபோது ஃப்ரெடெரிக் செய்வதுதான் சரி, நீ தலையிடாதே மமான் என்று சொல்லிவிட்டாய். நீயும் அவனும் பிரெஞ்சுப் பள்ளி லிசேயில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், இப்போதும் ஒரே ஊரில் சனிக்கிழமை தோறும் பந்து உருட்டுகிறவர்கள், அவன் இந்த உலகத்தில் யார் பேச்சையாவது கேட்பான் என்றால் அது உன் பேச்சு. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். நான் யாரிடமும் எதையும் கெஞ்சிக் கேட்டவள் அல்ல, உன் அப்பா படுத்த படுக்கையாக இருந்தபோது டாக்டரிடம்கூட நான் கெஞ்சவில்லை என்பது உனக்குத் தெரியும். இப்போது கேட்கிறேன். அவளைக் கொண்டு போக விடாதே.

எங்கள் வியாழக்கிழமை வட்டத்தைப் பற்றி நீ கேலியாகத்தான் பேசியிருக்கிறாய், கிழவிகள் காப்பி குடிக்க ஒரு சாக்கு என்பாய், அதனால் முழுவதும் சொல்ல வேண்டியிருக்கிறது. உன் அப்பா இறந்த மறு வருஷம் தொடங்கினோம். நான், சூசான், தலைமையாசிரியை லூர்துசெல்வி, சுங்க இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற மெசியே தேவதாஸ், நான்கே பேர். மாதம் ஒரு புத்தகம், தமிழ் ஒன்று, அடுத்தது பிரெஞ்சு, வியாழக்கிழமை மாலை என் வீட்டுக் கூடத்தில் கூடுவோம், படித்து முடிக்காதவர்களுக்கு வாய் திறக்க உரிமை கிடையாது. எங்களுக்கு ஒரு விதி உண்டு. அது மடத்துப் பள்ளியில் எங்கள் கன்னியாஸ்திரீ மேர் பெர்னதெத் வகுப்பில் வைத்திருந்த விதி, நானும் சூசானும் பத்து வயதில் கற்றுக்கொண்டது. கதையைச் சொல்லும்போது அவள் போனாள் இவள் அழுதாள் என்று சொல்லக் கூடாது. அவள் என்று சொன்னால் அது வம்பு, நான் என்று சொன்னால்தான் வாசிப்பு என்பார்கள் மேர். ஆகவே கதையில் வருகிறவள் யாரோ அவளாகவே நின்று நான் போனேன், நான் அழுதேன் என்று சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் புத்தகத்தை மூடி, அதன் மேல் கையை வைத்து, நான் ஒர்த்தான்ஸ், நான் சூசான் என்று சொந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கதையில் வந்தவளின் பாவத்தோடு வீட்டுக்குப் போவோம் என்று மேர் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். பெயரைச் சொன்ன பிறகுதான் காப்பி. பெயர் சொல்வதற்கு முன்னால் தம்ளரைத் தொட்டார் என்று மெசியே தேவதாஸை ஒருமுறை திருப்பி உட்கார வைத்திருக்கிறேன்.

தவக்காலத்தில் புதிய புத்தகம் தொடுவதில்லை, அது எங்கள் ஒறுத்தல். மற்றவர்கள் இறைச்சியை விடுவார்கள், நாங்கள் அதோடு புதுப் புத்தகத்தையும் விடுவோம். சாம்பல் புதன் முதல் பாஸ்கா வரைக்கும் பழைய புத்தகங்கள்தான், இத்தனை வருஷத்தில் அவரவருக்கு மிகவும் பிடித்தது எது என்று எடுத்து மறுபடியும் சொல்ல வேண்டும். ஒறுத்தல் என்று பெயரே ஒழிய, வருஷத்தில் நாங்கள் மிகவும் காத்திருந்த வாரங்கள் அவைதான். லூர்துசெல்விக்குப் பிடித்தது நகைக்கடையில் கன்னம் வைக்கிற ஒரு திருடியின் கதை. முப்பது வருஷம் பிள்ளைகளை நேர் வரிசையில் நிற்க வைத்தவள், நான் திருடினேன், எல்லாவற்றையும் திருடினேன் என்று சொல்லும்போது அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை அவளுடைய கல்யாணப் படத்தில்கூட நான் பார்த்ததில்லை. மெசியே தேவதாஸுக்குப் பிடித்தது, மடத்துக்குள் யாருக்கும் தெரியாமல் ஆடு வளர்க்கிற ஒரு மடத்துத் தலைவியின் கதை, அத்தனை பெரிய மீசையை வைத்துக்கொண்டு, என் சகோதரிகளே, நான் தூய்மையானவள் என்று அவர் தொடங்கினாலே சூசான் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொள்வாள். எனக்குப் பிடித்தது ஒரு துபாஷியின் கதை, மற்ற மூவருக்கும் அது பிடிக்கவே பிடிக்காது. பிரெஞ்சு நீதிபதிக்கும் தமிழ்க் கைதிக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்கிறவன், வாழ்நாளெல்லாம் ஒரு சொல்லைக்கூட மாற்றாதவன், ஒரே ஒருமுறை ஒரு குடியானவனைக் காப்பாற்ற ஒரு வாக்கியத்தை மாற்றிச் சொல்லிவிடுகிறான், அதற்குப் பிறகு தான் சொல்வதில் எது மெய் என்று அவனுக்கே தெரியாமல் போகிறது. எனக்கு அவனைப் பிடிக்கும், மன்னிக்க முடியாது, ஆனால் பிடிக்கும். இப்போது லூர்துசெல்வி சர்க்கரையில் போய்விட்டாள். மெசியே தேவதாஸை மகள் கோயம்புத்தூருக்கு அழைத்துக்கொண்டாள், போன கிறிஸ்துமஸோடு அங்கிருந்து வாழ்த்து அட்டையும் நின்றுவிட்டது. நானும் சூசானும்தான் வட்டம். இரண்டு பேர் உட்கார்ந்தால் அது வட்டமா என்று கேட்காதே.

சூசானுக்குப் பிடித்த கதையில்தான் எல்லாம் வந்தது. காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தரையில் பரப்பி விற்கிறவனிடம் அவள் பொறுக்கியெடுத்த பிரெஞ்சுப் புத்தகம், அட்டையும் இல்லை, முதல் பக்கங்களும் இல்லை, எழுதியவர் யாரென்று இன்றுவரை தெரியாது, ஓடக்காரி என்பது நாங்கள் வைத்த பெயர். ஒரு பெரிய ஆற்றில் ஓடம் விடுகிறவனின் மனைவி. வெள்ளத்தன்று அவன் குடித்துவிட்டு, ஓடத்தை இழுக்கிற கயிற்றில் தொங்கிக்கொண்டு, அக்கரை போயே தீருவேன் என்கிறான். ஓடத்தில் இருக்கிற அத்தனை பேரையும் காப்பாற்ற அவள் கயிற்றை அறுத்துவிடுகிறாள். அவன் போய்விடுகிறான், ஓடம் கரை சேர்கிறது. அதற்குப் பிறகு அவளே ஓடம் விடுகிறாள், சாயங்காலம் ஆனால் ஓடத்தைக் கட்டாமல் அக்கரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், இன்னும் ஒரு ஆள் வர வேண்டும் என்பாள். இந்தத் தவக்காலத்து முதல் வியாழக்கிழமை சூசான் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஃப்ரெடெரிக் முந்தின நாள்தான் துலூஸிலிருந்து வந்திருந்தான், அம்மாவை அழைத்துப் போகக் கையில் கேக் பெட்டியோடு வாசலில் வந்து நின்றிருக்கிறான், நாங்கள் பார்க்கவில்லை. அவன் காதில் விழுந்தது இதுதான். சூசான் சத்தமில்லாமல், பதற்றமில்லாமல், மாவு சலிப்பதைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள்: “அன்னிக்கு நான்தான் கயித்த அறுத்தேன். அவரு கத்துனது கேட்டுச்சு. நான் திரும்பிப் பாக்கல.”

அவன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தாவாக இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் இருந்துவிட்டு வந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு முட்டிச் செத்த மனிதர், ஓடத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஃப்ரெடெரிக்கின் முகம் வெளுத்துப் போயிற்று. அதைப் பார்த்ததும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அந்தச் சிரிப்புதான் பெரிய கெடுதல், அதைக் கேட்டு அவன் கேக் பெட்டியை என் பியானோ மேல் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். நான் விதியைச் சொன்னேன். மேர் பெர்னதெத்திலிருந்து தொடங்கிச் சொன்னேன். என்னை அத்தை முறையில் தாந்த் என்று கூப்பிடுகிறவன், அவன் பார்த்த பார்வையில், தாந்த், நீங்களுமா என்று எழுதியிருந்தது. அவன் தன் அம்மாவின் முன் முட்டி போட்டு இன்றைக்கு என்ன கிழமை என்றான், வியாழன் என்றாள், சரியாகச் சொன்னாள். என்ன மாதம் என்றான், தவக்காலம் என்றாள், அதுவும் தப்பில்லை. ஜனாதிபதி யார் என்றான், நம்முடையவரா உங்களுடையவரா என்று கேட்டாள், அது நியாயமான கேள்வி, ஆனால் அதற்குப் பிறகு இரண்டில் ஒருவரையும் அவளால் சொல்ல முடியவில்லை. பேரப் பிள்ளைகள் எத்தனை என்றான். சூசான் என்னைப் பார்த்தாள். கண்ணாலே என்னிடம் பதில் கேட்டாள், சின்ன வயதில் வகுப்பில் கேட்பாளே அதுபோல. அங்கே முடிவு செய்துவிட்டான்.

மறதி இல்லை என்று நான் சொல்லவில்லை, ஆலேன். உனக்கு நான் பொய் எழுதியது கிடையாது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோகிறாள், சம்பாக் கோயிலுக்குப் போகிற வழியில் நின்று எந்தப் பக்கம் என்று கேட்கிறாள், ஃப்ரெடெரிக்கைத் தன் தம்பி என்று நினைத்து அதட்டுகிறாள். ஆனால் இத்தனை வருஷம் நாங்கள் படித்ததில் ஒன்றைக்கூட அவள் விடவில்லை. தன் பிள்ளைக்கு என்ன கறி பிடிக்கும் என்பது போய்விட்டது, லூர்துசெல்வியின் திருடி எந்த ஜன்னல் வழியாக உள்ளே இறங்கினாள் என்பது இருக்கிறது. இது என்ன கணக்கு என்று எனக்கும் தெரியவில்லை, டாக்டரும் சொல்லவில்லை. வியாழக்கிழமை வந்து உட்கார்ந்து கதை சொல்லி, புத்தகத்தை மூடி, நான் சூசான் என்று சொன்ன பிறகு ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம், அவள் முழுவதும் அவளாகவே இருப்பாள். அப்போது உன்னைப் பற்றிக்கூட விசாரிப்பாள். ஆலேன் இன்னும் அந்தச் சிவப்பு சைக்கிளில்தான் போகிறானா என்பாள். ஃப்ரெடெரிக் அந்த ஒரு மணி நேரத்தைப் பார்க்காமலே விமானம் ஏறினான், பாஸ்கா வாரத்தில் வந்து கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டு.

அவனுக்கு நான் சொல்லாதது ஒன்று உண்டு, உனக்கு இப்போது சொல்கிறேன். அவன் போன மறு வாரம் சூசான் வீட்டிலிருந்து தனியாக இறங்கி நடந்து வைத்திக்குப்பம் போய்விட்டாள். மத்தியானம், வலைக்காரர்கள் படகை மணலில் ஏற்றிக்கொண்டிருந்த நேரம். ஒரு படகில் ஏறி உட்கார்ந்துகொண்டு, ஏற்றாதீர்கள், இன்னும் ஒரு ஆள் வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். வெள்ளைச் சேலை கட்டிய, கோயிலில் முன் வரிசையில் உட்காருகிற அம்மாள் சொல்கிறாள், கடல் உள்ளே வந்த அந்த மார்கழிக்குப் பிறகு அந்தக் குப்பத்தில் இந்தச் சொல்லை விளையாட்டாக யார் எடுத்துக்கொள்வார்கள். பெண்கள் எல்லாரும் வெளியே ஓடி வந்து அவரவர் புருஷன் பிள்ளை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள், யார் வரவில்லை, எந்தப் படகு என்று ஒரே கூச்சல். நமக்கு மீன் கொண்டு வருகிற கன்னியம்மாள்தான் அவளை அடையாளம் கண்டு என்னிடம் ஓடி வந்தாள். வாசலில் நின்றுகொண்டு என்னை ஏசினாள் பார், இந்த வயதில் என்னை யாரும் அப்படி ஏசினதில்லை. “இன்னாம்மா படிப்பு படிச்சீங்க ரெண்டு பேரும்? உங்க கூட்டாளி எங்க படகுல குந்திக்கினு ஆளு வரலன்னுது. எங்க பொம்பளைங்களுக்கு உசுரே இல்ல, வந்து எறக்குங்க.” வீட்டுச் செருப்போடு ஆட்டோவில் போனேன். வெயிலில் மணல் கொதித்தது, படகில் ஏற எனக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்கள், என் கௌரவத்தைப் பற்றி நீ யோசிக்க வேண்டாம், நான் யோசிக்கவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சூசான் வீட்டுக்கு வா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், ஆனால் கதை முடியாமல் அவள் எப்படி எழுந்திருப்பாள். ஆகவே, எல்லாரும் வந்தாச்சு, கயிற்றைக் கட்டிவிடலாம் என்றேன். கடலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என் இரண்டு கையையும் விரித்து, புத்தகத்தை மூடுவதுபோல் மூடி, அவள் மடியில் வைத்தேன். அதன் மேல் தன் கையை வைத்து, நான் சூசான் என்றாள். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு, இங்கே என்ன பண்றோம், மீன் வாங்கவா, கன்னியம்மா மீன் போன வாரமே நல்லா இல்ல என்று அவளை வைத்துக்கொண்டே சொன்னாள். கன்னியம்மாள் வாய்க்குள்ளே திட்டிக்கொண்டே சிரித்துவிட்டாள். அந்தத் துபாஷியைப் போல நானும் ஒரு வாக்கியத்தை மாற்றிவிட்டேன். அன்று மாலை ஃப்ரெடெரிக் போன் பண்ணி அம்மா எப்படி என்று கேட்டபோது, கொஞ்சம் நடந்துவிட்டு வந்தோம் என்று சொன்னேன்.

இப்போது நான் கேட்பது இது. அவளை என் வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுகிறேன். கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற உன் அறையைக் கொடுக்கிறேன், படி ஏற வேண்டாம், குளியலறை எதிரிலேயே இருக்கிறது. அந்த அறையில் எதையும் தொடாதே என்று சொல்லி நீ பூட்டிவிட்டுப் போனாய், இத்தனை வருஷமும் நான் தொடவில்லை, இப்போது தொடுவேன், உன் கட்டிலைச் சுவரோரம் தள்ளி, உன் கால்பந்துக் கோப்பைகளை மேலே ஏற்றிவிடுவேன், அந்தச் சைக்கிளை மட்டும் அவள் கண்ணில் படும்படி வராந்தாவில் வைப்பேன். சமையலுக்கு வரும் வீராயி ராத்திரியும் தங்கச் சம்மதித்துவிட்டாள், அவளே அடுப்பைப் பார்த்துக்கொள்வாள், சூசானைச் சமையலறைக்குள் விட மாட்டோம். வாசல் கதவுக்கு மேலே ஒரு தாழ்ப்பாள் வைக்க ஆள் சொல்லியிருக்கிறேன். எனக்கும் எழுபத்தைந்து ஆகிறது, இரண்டு கிழவிகளை யார் பார்ப்பது என்று நீ கேட்பாய், ஃபானி இன்னும் உரக்கக் கேட்பாள். கேட்கட்டும். அடுத்த தவக்காலம் வரைக்கும் விடச் சொல். அடுத்த சாம்பல் புதனுக்குள் அவளால் ஒரு கதைகூட முழுவதும் சொல்ல முடியாமல் போனால், நானே அவள் கையைப் பிடித்துக்கொண்டு விமானம் ஏறி வந்து அந்தத் தோட்டம் உள்ள வீட்டில் ஒப்படைக்கிறேன், அதற்குப் பிறகு என்னையும் எங்கே வேண்டுமானாலும் வை, வாய் திறக்க மாட்டேன். இதை நான் எழுதிக் கொடுக்கிறேன், என் எழுத்து என்னவென்று உனக்குத் தெரியும்.

இதோடு நிறுத்தியிருந்தால் உன் மனம் இளகியிருக்கும் என்று தெரியும். ஆனால் நேற்று வியாழக்கிழமை. அதையும் எழுதாவிட்டால் நான் உன்னை ஏமாற்றியதாகும். நேற்று சூசான் மறுபடியும் ஓடக்காரியை எடுத்தாள். இந்தத் தவக்காலத்தில் மூன்றாம் முறை. ஆலேன், இத்தனை வருஷத்தில் அவள் அதை இவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை. ஓடத்தில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள், வாத்துக் கூடைக்காரி, கல்யாணப் பெண், இரண்டு பாதிரிகள், ஒருவரையும் விடவில்லை. கயிறு அறுபடுகிற இடத்தில் கையால் அறுத்தே காட்டினாள். முடித்தாள். புத்தகத்தை மூடினாள். கையை அதன் மேல் வைத்தாள். நான் காத்திருந்தேன். பெயரை எடுத்துக் கொடுக்கக் கூடாது என்பதும் விதிதான், அதை வைத்தவளே நான். வீராயி காப்பியைக் கொண்டு வந்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்து உள்ளே போய்விட்டாள். காப்பி மேல் ஆடை படிந்தது. சூசான் தேடினாள். தேடுவது அவள் முகத்தில் நன்றாகத் தெரிந்தது, அலமாரியில் அடுக்கு அடுக்காகக் கையை விட்டுப் பார்ப்பதுபோல. பிறகு முகம் தெளிந்தது. முதுகை நிமிர்த்தி, மோவாயைத் தூக்கி, நான் எப்படிச் சொல்வேனோ அதேபோல் சொன்னாள்: “நான் ஒர்த்தான்ஸ்.”

நான் யார் என்று உனக்குத் தெரியும். பூசையில் சாமியார் தப்பாக வாசித்தால் பீடம் வரைக்கும் கேட்கிற மாதிரி தொண்டையைக் கனைக்கிறவள். உன் ஒவ்வொரு கடிதத்தையும் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பியவள், அதற்காக நான் வருத்தப்படவும் இல்லை, உன் பிரெஞ்சு அதனால்தான் இவ்வளவு நன்றாக இருக்கிறது. அப்படிப்பட்டவள் நேற்று திருத்தவில்லை. திருத்தினால் அவளுக்கு என்ன மிஞ்சும். என் கையை அவள் கை மேல் வைத்து, நான் சூசான் என்றேன். எந்தக் கதையும் இல்லாமல், எந்தப் புத்தகமும் கையில் இல்லாமல் சொன்னேன். அவளுக்குத் திருப்தியாகிவிட்டது. இரண்டு பெயரும் அறைக்குள் வந்துவிட்டன, விதிப்படி எல்லாம் சரியாக இருந்தது. தம்ளரை என் பக்கம் தள்ளி வைத்து, “காப்பி ஆறுதுடி, குடி சூசான்” என்றாள். குடித்தேன். சர்க்கரை போட மறந்திருந்தாள் வீராயி, அதையும் சொல்லவில்லை.

இதை ஃப்ரெடெரிக்கிடம் சொன்னால் பாஸ்காவரைக்கும்கூடக் காத்திருக்க மாட்டான், அடுத்த விமானத்தில் வருவான். சொல்லாமல் விட்டால் நீயும் என்னைப் போல் ஆகிவிடுவாய். இப்போது நடுவில் நிற்கிற துபாஷி நீதான், நான் சொன்னதில் எதை எப்படி அவன் காதுக்குக் கொண்டு போவது என்பதை உன்னிடம் விட்டுவிட்டேன். ஒன்றை மட்டும் யோசித்துப் பார். அந்த வீட்டில் காலையில் நர்ஸ் வந்து பெயர் என்ன என்று கேட்பாள். இவள் ஒர்த்தான்ஸ் என்பாள். அந்தப் பெண் கெட்டவள் அல்ல, காகிதத்தைப் பார்த்துவிட்டு, இல்லை மதாம், நீங்கள் சூசான் என்று அன்பாகத்தான் திருத்துவாள். மறுநாளும் திருத்துவாள். மறுநாளும். திருத்தத் திருத்த ஒரு பிள்ளை எப்படி வாயை மூடிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். தன் பெயர் போய்விட்டது, என் பெயர் அவளிடம் பத்திரமாக இருக்கிறது, அந்தப் பெயருக்குப் பதில் சொல்கிற ஒரே ஆள் இந்த ஊரில் இருக்கிறேன். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அவளைக் கொண்டு போனால் அவளும் யாருமில்லாதவளாகிவிடுவாள், நானும். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட உன் அப்பாவுக்குப் பிறகு அவள் ஒருத்திதான் இருந்தாள், மற்ற எல்லாருக்கும் நான் மதாம் அமலநாதன்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வர பத்து நாளாகும். வந்த அன்றே ஃப்ரெடெரிக்கைப் போய்ப் பார், போனில் வேண்டாம், நேரில் போ, மழையாக இருந்தாலும் போ, கழுத்துக்குத் துணி சுற்றிக்கொண்டு போ, மார்ச் மாதக் காற்றை நம்பாதே. அவன் கோபப்பட்டால் நீ கோபப்படாதே, பயந்துபோயிருக்கிற பிள்ளை அவன். ஃபானிக்கு என் அன்பைச் சொல். ரொமேனுக்கு ஒரு கதைப் புத்தகம் வாங்கிக் கொடு, படித்து முடித்ததும் கதையை நான் என்றே சொல்லச் சொல், முடித்ததும் தன் பெயரைச் சொல்லச் சொல், மறக்காமல். ஜென்மராக்கினி மாதா உங்கள் மூவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், உன் நாக்கில் நல்ல வார்த்தையை வைக்கட்டும். உன் அறைச் சாவியை எங்கே வைத்தாய் என்று எழுது, பூட்டை உடைக்க எனக்கு மனமில்லை, ஆனால் பாஸ்காவுக்குள் பதில் வராவிட்டால் உடைப்பேன்.

இப்படிக்கு
உன்னைப் பெற்றவள்,
ஒர்த்தான்ஸ்.
வியாழக்கிழமைகளில், சூசான்.